நோவுப் பங்கு

இடுப்புக்குச் சற்று மேலே, முதுகெலும்புக்கு இடது பக்கம், உள்ளங்கை அகலத்துக்கு ஒரு வலி அவனோடு குடியிருந்தது. காலையில் அவன் எழுவதற்கு முன்பே அது எழுந்துவிடும். முதலில் ஒருக்களித்துப் படுத்து, பிறகு முழங்கையை ஊன்றி, பிறகு சுவரைப் பிடித்து, மூன்று தவணையில்தான் நிமிர்வான். நிமிர்ந்த பிறகும் முழுதாக நிமிர்ந்தான் என்று சொல்ல முடியாது. இருபத்தாறு வருஷம் மூட்டை சுமந்த முதுகு, மூட்டை இல்லாத நேரத்திலும் ஒன்று இருப்பதாக நினைத்துக்கொண்டு வளைந்தே நிற்கும். அதனால்தான் குடோனில் அவனுக்கு ஒட்டகம் என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயரை ரேஷன் கடையிலும் ஆஸ்பத்திரியிலும் மட்டும்தான் கூப்பிடுவார்கள். அப்போதும் அவனுக்குச் சட்டென்று உறைக்காது.

அந்தச் செவ்வாய்க்கிழமை வலி வழக்கத்தைவிடக் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. ஆனால் முந்தின நாள் சாயங்காலமே அவன் மேஸ்திரியிடம் போய்ச் சொல்லியிருந்தான்.

"நாளைக்கு முடியாது மேஸ்திரி. இடுப்பு புடிச்சுக்கிச்சு."

மேஸ்திரி சில்லறையை எண்ணிக்கொண்டிருந்தார். தலையைத் தூக்கி அவன் இடுப்பைப் பார்க்கவில்லை, முகத்தைத்தான் பார்த்தார். "வெந்நி ஒத்தடம் குடுத்துட்டுப் படு. பங்கை பூனைகிட்ட குடுத்து வுடறேன்" என்றார். அவ்வளவுதான். பூனை என்பதும் குடோனில் ஓர் ஆளுக்கு வைத்த பெயர்தான்.

கூட்டத்தில் மேஸ்திரியையும் சேர்த்துப் பன்னிரண்டு பேர். லாரியில் ஏற்றுவது, லாரியிலிருந்து இறக்குவது. அன்றன்றைய கூலியை அன்றன்று மேஸ்திரி பங்கு போடுவார். ஒரு நாளைக்கு ஆளுக்குச் சுமாராக எழுநூறு விழும். கல்யாணம், சாவு, கோர்ட்டு வாய்தா என்று சொந்த வேலைக்காக நின்றால் பங்கு கிடையாது. நோவு என்று படுத்தால் மட்டும் அரைப் பங்கு வீடு தேடி வரும். மற்றப் பதினோரு பேரும் தங்கள் பங்கிலிருந்து கிள்ளிக் கொடுப்பது அது. எந்த முதலாளியும் தராத ஒன்றை இவர்களே தங்களுக்குள் ஏற்படுத்திக்கொண்டது. டாக்டர் சீட்டு கேட்கிற வழக்கமில்லை. கேட்டால் அசிங்கம். ஒருவன் வாயைத் திறந்து முடியவில்லை என்றால் முடியவில்லை. இந்தக் கூட்டத்தில் ஜுரத்தோடு மூட்டை தூக்கியவன் உண்டு, ஜுரம் இல்லாமல் படுத்தவன் கிடையாது.

அவன் படுக்கவில்லை. தீம் பார்க்குக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்தான்.

குடோனில் மூட்டையைப் பதினெட்டாவது அடுக்குக்கு ஏற்றினால் கூரைக்குக் கீழே இருக்கிற காற்றுச் சந்து கண்ணுக்கு நேராக வரும். அதன் வழியாகப் பார்த்தால் பார்க்கின் டவர் தெரியும். நாலு பக்கமும் இருக்கை வைத்த ஒரு பெட்டி மெதுவாக மேலே ஏறும், உச்சியில் கொஞ்ச நேரம் நிற்கும், பிறகு அறுத்துவிட்டது போல விழும். சத்தம் பின்னால் வரும். முதலில் விழுவார்கள், பிறகு அலறுவார்கள். ஒன்பது வருஷமாக அவன் இதைப் பார்த்துக்கொண்டிருக்கிறான். கூட்டத்தில் எல்லோரும்தான் பார்த்தார்கள். வாய் ஓயாததால் ரேடியோ என்று பெயர் வாங்கியவன் அடிக்கடி சொல்லுவான்: "லாரியிலேர்ந்து நாம வுழுந்தா ஆம்புலன்ஸ் வரும். அவனுங்க வுழுந்தா போட்டோ புடிக்கிறாங்க." எல்லோரும் சிரிப்பார்கள். அவனும் சிரிப்பான். ஆனால் அடுத்த மூட்டையை வைக்கிற சாக்கில் இன்னொரு முறை எட்டிப் பார்ப்பான். எதற்கு என்று கேட்டால் அவனுக்குச் சொல்லத் தெரியாது. மேலே ஏற்றுவதும் கீழே இறக்குவதுமே பிழைப்பாகப் போனவனுக்கு, ஒருதரம் தன்னை யாராவது ஏற்றி இறக்கிப் பார்க்க வேண்டும் என்று இருந்ததோ என்னவோ.

ஞாயிற்றுக்கிழமை டிக்கெட் ஆயிரத்தைந்நூறு. வேலை நாளில் எண்ணூறு. ஒன்பது மாதம் டீயைப் பாதியாகவும் பீடியை முழுதாகவும் நிறுத்தி அவன் சேர்த்தது ஆயிரத்து நூற்றைம்பது. வேலை நாளில் போனால் டிக்கெட்டில் எழுநூறு மிச்சம், கூலியில் எழுநூறு நஷ்டம். கணக்கு இந்தப் பக்கமும் சாயவில்லை, அந்தப் பக்கமும் சாயவில்லை. அரைப் பங்கு வந்தால் மட்டும்தான் சாயும். முந்நூற்றைம்பது. பத்து நாள் ராத்திரி இதைப் போட்டுப் பார்த்தான். எப்படிப் போட்டாலும் விடை அதே முந்நூற்றைம்பதில் வந்து நின்றது. பதினோராம் நாள் மேஸ்திரியிடம் போய் நின்றான். இடுப்பு வலிக்கிறது என்பது பொய்யில்லையே, அது தினமும் வலிக்கிறதே என்று போகிற வழியெல்லாம் தனக்குத்தானே சொல்லிக்கொண்டே போனான்.

சம்சாரத்திடம் இடுப்புக் கதையைச் சொல்லவில்லை. லீவு போட்டிருக்கிறேன் என்றான். அவள் ஒரு ஹாஸ்டல் சமையல்கட்டில் பாத்திரம் கழுவுகிறாள்.

"ரெண்டு சீட்டுக்குச் சேரட்டும், சேர்ந்தே போலாம்" என்று ஒரு பேச்சுக்குச் சொன்னான்.

"நீங்க ரெண்டு சீட்டுக்குச் சேக்கறதுக்குள்ள அவன் வெலைய மூணு சீட்டுக்கு ஏத்திடுவான். போய்ட்டு வாங்க. எனக்கு மாடிப்படி ஏறினாலே தல சுத்துது."

ஹாஸ்டலில் மூன்று மாடியை நாளைக்கு எட்டுத் தடவை எச்சில் பாத்திரத்தோடு ஏறி இறங்குகிறவள். அது அவனுக்குத் தெரியும். தெரிந்தும் தெரியாதவன் மாதிரி இருந்துகொண்டான்.

தண்ணீரில் இறங்க நைலான் உடுப்பு வேண்டும், பருத்தியோடு விடமாட்டார்கள், அங்கே வாடகை நூற்றைம்பது என்று ஹாஸ்டல் பெண்கள் அவளுக்குச் சொல்லியிருந்தார்கள். கம்பி ஒடிந்து கிடந்த குடையைப் பிரித்து, அந்தக் கறுப்புத் துணியில் அவனுக்கு ஓர் அரைக்கால் சட்டை தைத்தாள். குடைத்துணி முக்கோணம் முக்கோணமாக வெட்டியது. எப்படி ஒட்டினாலும் பின்பக்கம் ஒரு நட்சத்திரம் மாதிரித் தையல் விழுந்தது. "மழை பேஞ்சா விரிச்சுக்கலாம்" என்று சொல்லிவிட்டு அவளே சிரித்தாள்.

நடந்தே போனான். பஸ் காசு மிச்சம். குடோன் தெரு வழியாகப் போனால் அரை மணி, அதை விட்டுச் சுற்றிப் போனதில் ஒரு மணிக்கு மேல். நேர்வழியில் போகிறவர்களுக்கு எல்லா ஊரிலும் தூரம் குறைவு.

டிக்கெட் கொடுக்கும் பெண் கண்ணாடிக்குப் பின்னாலிருந்து, "எத்தனை பேர் சார்?" என்றாள்.

"ஒருத்தன்."

"ஃபேமிலி பின்னாடி வராங்களா? நாலு பேரா எடுத்தா ஒரு ஆளுக்கு நூறு குறையும்."

"இல்லம்மா. ஒருத்தன்தான்."

அவள் அவன் பின்னால் எட்டிப் பார்த்தாள். யாரும் இல்லை என்று உறுதி செய்துகொண்டபின், முழு விலைக்கு ஒரு காகிதப் பட்டையை அவன் மணிக்கட்டில் ஒட்டினாள். கூட்டமாக வருகிறவனுக்குத்தான் தள்ளுபடி. தனியாக இருக்கிறவனுக்கு உலகத்தில் எந்தக் கடையிலும் எதுவும் குறையாது.

அடுத்து பை சோதனை. சம்சாரம் ஆறு முட்டை அவித்து, எட்டுத் துண்டு ரொட்டியோடு கட்டிக் கொடுத்திருந்தாள். காவலாளி பொட்டலத்தைப் பிரித்துப் பார்த்தான்.

"வெளிச் சாப்பாடு உள்ள விடறதில்ல."

"சாப்பாடு இல்லீங்க, முட்டை."

"முட்டையும்தான். தொட்டி அங்க இருக்குது பாருங்க."

ஆறு முட்டையைக் குப்பையில் போடுவதற்கு அவனுக்குக் கை வருமா? ஓரமாக நின்று உரித்தான். வெயிலில், வரிசையாக உள்ளே போகிற குடும்பங்களுக்கு எதிரே, ஒன்றன்பின் ஒன்றாக ஆறையும் தின்றான். எட்டு ரொட்டியையும் தின்றான். பசிக்கவே இல்லை. காலை பத்துமணிக்கு ராத்திரி வரைக்குமான பசியைச் சேர்த்துத் தின்றான். நாலாவது முட்டையில் விக்கல் எடுத்தது.

"மெதுவா தின்னுங்க பெரியவரே. பார்க்கு எங்கயும் ஓடிடாது" என்றான் காவலாளி.

"நீங்க ஒண்ணு எடுத்துக்கறீங்களா?"

காவலாளி முட்டையைப் பார்த்தான். தலைக்கு மேலே பார்த்தான். "கேமரா இருக்கு" என்றான்.

தனியாக வந்தவனுக்குப் பையைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை. பையைப் பூட்டி வைக்கிற பெட்டிக்கு வாடகை நூறு கேட்டார்கள். வேட்டியையும் சட்டையையும் பைக்குள் சுருட்டி, பையை முதுகில் கட்டிக்கொண்டான். முதுகு அதை உடனே அடையாளம் கண்டுகொண்டு வளைந்து கொடுத்தது. குளத்து வாசலில் நின்ற பையன் அவன் கால்சட்டையை இரண்டு விரலால் பிடித்துக் கசக்கிப் பார்த்துவிட்டு, "எந்தக் கடை?" என்றான். "வீட்ல தெச்சது" என்றான் இவன். நைலான்தான் என்பதால் விட்டுவிட்டார்கள். முழங்கால் ஆழத் தண்ணீரில் பையோடு உட்கார்ந்திருந்தான். சுற்றிலும் ஒருவர் மேல் ஒருவர் தண்ணீர் அடித்துக்கொண்டார்கள். அவன்மேல் அடிக்க யாரும் இல்லை. கொஞ்ச நேரம் பொறுத்துத் தானே இரண்டு கையாலும் அள்ளித் தலையில் ஊற்றிக்கொண்டான். வீட்டில் குளிக்கிற மாதிரித்தான் இருந்தது. எண்ணூறு கொடுத்துக் குளித்திருக்கிறோம் என்று தோன்றியது. அதற்கு மேல் அங்கே இருப்புக் கொள்ளவில்லை.

டவருக்கு வந்தான். அடியில் ஒரு பலகை. முதுகுவலி உள்ளவர்கள், இதய நோயாளிகள், கர்ப்பிணிகள் ஏறக்கூடாது என்று எழுதியிருந்தது. மூன்றில் ஒன்று அவனுக்கு இருந்தது. இன்னொன்று இருக்கிறதா என்று பார்க்க இதுவரை காசு செலவழித்ததில்லை. நேற்று மேஸ்திரியிடம் வலிக்கிறது என்று சொன்னவன், இன்று பலகைக்கு முன்னால் வலிக்கவில்லை என்று முடிந்தமட்டும் நிமிர்ந்து நின்றான்.

வரிசை நீளமாக இருந்தது. முக்கால் மணி ஆகும் என்றார்கள். ஐந்து நிமிஷம் கழித்து, ஆட்களை இருக்கையில் ஏற்றிவிடுகிறவன் குரல் கொடுத்தான்.

"ஒத்த ஆளு யாராவது இருக்கீங்களா? ஒரு சீட்டு காலி! ஒத்த ஆளு!"

"நான்! நான் ஒத்தைங்க!" என்று கையைத் தூக்கினான். தனியாக வந்ததற்கு அன்றைக்குக் கிடைத்த ஒரே லாபம் அது. வரிசையில் நின்ற அத்தனை குடும்பமும் திரும்பிப் பார்க்க, குடைத்துணிக் கால்சட்டையோடு அவன் முன்னால் போனான். இருக்கையில் ஏற்கெனவே அப்பா, அம்மா, பத்து வயதுப் பெண். இவன் உட்கார வந்ததும் அந்த அம்மாள் பெண்ணை எழுப்பி அந்தப் பக்கம் உட்காரவைத்துவிட்டு, நடுவில் தான் உட்கார்ந்துகொண்டாள். முதுகுப் பையை ஏற்றிவிடுகிறவன் கழற்றி ஓரமாக வைத்தான். இரும்புக் கம்பி தோளுக்குமேல் வந்து பூட்டியது.

பெட்டி ஏறியது. மரங்கள் கீழே போயின. மதில் கீழே போனது. ஹாஸ்டலின் மூன்று மாடி தெரிந்தது. குடோனின் தகரக்கூரை தெரிந்தது. இத்தனை சின்னதா என்றிருந்தது. உச்சியில் பெட்டி நின்றது. பக்கத்து அம்மாள் கண்ணை மூடிக்கொண்டு சாமியைக் கூப்பிட்டாள். அவன் கண்ணை மூடவில்லை. எண்ணூறு கொடுத்துவிட்டுக் கண்ணை மூடுவார்களா? நேர் கீழே பார்த்தான்.

பார்க்கின் சமையல்கூடத்துக்குப் பின்னால், வருகிறவர்கள் கண்ணில் படாதபடி செடி வளர்த்து மறைத்திருந்த முற்றத்தில் ஒரு லாரி நின்றது. சரக்கு இறங்கிக்கொண்டிருந்தது. கூட்டம் குறைந்த நாளில்தான் டிக்கெட்டையும் குறைப்பார்கள், சரக்கையும் இறக்குவார்கள். அது அவனுக்குத் தெரியாததில்லை. பார்க்கின் சொந்த ஆட்கள் வராத நாளில், வருஷத்துக்கு மூன்று நாலு தடவை, மேஸ்திரி கூட்டம் இங்கே வருவதுண்டு. ஆனால் நாளைக்குக் குடோனிலேயே மூன்று லாரி இருக்கிறது என்று மேஸ்திரி சொல்லியிருந்தார். அந்த நம்பிக்கையில்தான் வந்தான்.

கூலிக்காரன் கண் எங்கே போனாலும் முதலில் தலையை எண்ணும். எண்ணினான். பதினொன்று.

கூட்டத்தில் ஜோடி ஜோடியாகத்தான் வேலை. ஒருவன் லாரிமேல் நின்று மூட்டையைத் தள்ளிக்கொடுப்பான், ஒருவன் கீழே முதுகைக் காட்டுவான். பத்து மூட்டைக்கு ஒருமுறை இடம் மாறிக்கொள்வார்கள். மேலே நிற்கிற பத்து மூட்டை நேரம்தான் முதுகுக்கு ஓய்வு. கீழே ஐந்து ஜோடி அப்படித்தான் நடந்துகொண்டிருந்தது. பதினோராவது ஆள் மட்டும் லாரிமேல் ஏறினான், மூட்டையை விளிம்புக்கு இழுத்தான், கீழே குதித்தான், தானே முதுகைக் கொடுத்து வாங்கிக்கொண்டு நடந்தான், திரும்பி வந்தான், மறுபடி ஏறினான். சத்தமில்லாத அந்த நடையை எத்தனை உயரத்திலிருந்தும் அவனால் கண்டுபிடிக்க முடியும். பூனை. பதினான்கு வருஷமாக அவனுடைய ஜோடி.

பூனை அப்படி மறுபடி ஏறும்போது கால் வழுக்கியது. விளிம்பில் இருந்த மூட்டை அவனோடு சேர்ந்து சரிந்தது. அந்த நொடியில் பெட்டி விழுந்தது.

அவன் முதுகு காலியானது. இருபத்தாறு வருஷத்தில் முதல்முறையாக அந்த இடத்தில் ஒன்றுமே இல்லை. வலி இல்லை, கனம் இல்லை, முதுகே இல்லை. உடம்பு என்று ஒன்று இருப்பதே மறந்துபோய், வாய் பிளந்து, அவன் சிரித்தான். கீழே என்ன பார்த்தோம் என்று தெரிந்தே சிரித்தான். அடக்கினாலும் நிற்காத சிரிப்பு. மூன்று நொடி இருக்கும். பிறகு பிரேக் பிடித்தது. வலி பழைய இடத்தில் வந்து உட்கார்ந்தது.

இறங்கிப் பையை மாட்டி நாலடி வைப்பதற்குள் ஆறு முட்டையும் வெளியே வந்துவிட்டது. பூந்தொட்டி ஓரம் குந்தி வாந்தியெடுத்தான். இப்படியே எழுந்து முன்வாசல் வழியாக வெளியே போனால் அவனை யாரும் பார்த்திருக்கப் போவதில்லை. சாயங்காலம் கயிற்றுக் கட்டிலில் படுத்துக்கொண்டு பங்கை வாங்கியிருக்கலாம். அப்படித்தான் போக வேண்டும் என்று நினைத்துக்கொண்டே வாயைத் துடைத்தான். கால் வேறு பக்கம் போனது. செடி மறைவில் ஒரு கதவு. பணியாளர்கள் மட்டும் என்று போட்டிருந்தது. தள்ளினான்.

சர்க்கரை மூட்டை. ஈரத்தரையில் வெடித்துக் கிடந்தது. பூனை லாரிச் சக்கரத்தில் சாய்ந்து உட்கார்ந்து, தோல் வழண்ட இரண்டு உள்ளங்கையையும் விரித்து வைத்திருந்தான். சமையல்கூடத்து ஸ்டோர்க்காரன் கத்திக்கொண்டிருந்தான்.

"கண்ணு எங்கய்யா இருந்துச்சு? அம்பது கிலோ! ஒங்க கூலியில புடிக்கல, நான் ஆம்பளை இல்ல!"

முதலில் ரேடியோதான் பார்த்தான். பார்த்ததும் ஏதோ சொல்ல வாயெடுத்தவன், மூடிக்கொண்டான். பிறகு ஒவ்வொருவராகத் திரும்பினார்கள். நனைந்த தலை, மணிக்கட்டில் காகிதப் பட்டை, பின்பக்கம் நட்சத்திரம் வைத்த கறுப்புக் கால்சட்டை. ஸ்டோர்க்காரனும் திரும்பினான். அவன் குரல் அந்த இடத்திலேயே மாறியது.

"சார், கெஸ்ட்டுங்க இந்தப் பக்கம் வரக்கூடாது சார். அந்தக் கதவு வழியா போயிடுங்க. ப்ளீஸ்."

இருபத்தாறு வருஷமாக அவனை யாரும் இரண்டு தடவை சேர்ந்தாற்போல் சார் என்று கூப்பிட்டதில்லை. அதுவும் இந்தப் பதினோரு பேர் முன்னால்.

அவன் பையைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு லாரிக்குப் போய், திரும்பி நின்று, விளிம்பில் இருந்த அடுத்த மூட்டைக்கு முதுகைக் காட்டினான். தலைக்கு மேலே நின்றவன் தள்ளவில்லை. மேஸ்திரியைப் பார்த்தான்.

"நிமிர்ந்துக்கப்பா" என்றார் மேஸ்திரி. சத்தம் போடவில்லை. "ஒடம்பு சரியில்லாதவன் மூட்ட தொடக்கூடாது."

"மேஸ்திரி, நான்..."

"இடுப்பு புடிச்சுக்கிச்சுன்னு சொன்ன. நாங்க நம்பினோம். இப்பவும் நம்பறோம். போய் நெழல்ல உக்காரு."

அவன் பூனையைப் பார்த்தான். பூனை உள்ளங்கையிலிருந்து ஒட்டியிருந்த சர்க்கரையை ஊதிக்கொண்டிருந்தான். தலை தூக்காமல் கேட்டான்:

"மேலேர்ந்து நல்லா தெரியுதாண்ணே?"

"தெரிஞ்சுது" என்றான்.

வீட்டுக்கு வந்தபோது சம்சாரம் வேலை முடிந்து வந்திருந்தாள். "எப்படி இருந்துச்சு?" என்றாள். முகத்தில் ஆசை இருந்தது. போகாதவர்களுக்குப் போனவர்கள் கொண்டுவர வேண்டியது அந்தக் கதை ஒன்றுதான்.

"ஒண்ணுமில்ல. மூணு செகண்டு."

"எண்ணூறுக்கு மூணு செகண்டா? நல்லா கட்டினான் பார்க்கு" என்றாள். கால்சட்டையை அலசிக் கொடியில் போட்டாள்.

விளக்கு வைக்கிற நேரத்துக்குப் பூனை வந்தான். கையில் துணி சுற்றியிருந்தது. வாசற்படியிலேயே நின்றான். நோவுப் பங்கைப் படுத்திருப்பவன் கையில் கொடுப்பதில்லை, வீட்டுக்காரி கையில்தான் கொடுப்பார்கள்.

"அண்ணனுக்கு ஒடம்பு முடியலன்னு பங்கு குடுத்து வுட்டாங்க அக்கா."

அவள் பணத்தை வாங்கவில்லை. "யாருக்கு ஒடம்பு முடியல?" என்றாள்.

"அண்ணனுக்கு. இடுப்பு."

அவள் பூனையின் கைக்கட்டைப் பார்த்தாள். உள்ளே திரும்பிப் புருஷனைப் பார்த்தாள். கொடியில் சொட்டிக்கொண்டிருந்த குடைத்துணியைப் பார்த்தாள். எல்லாவற்றையும் சேர்த்துவைக்க அவளுக்கு அதிக நேரம் பிடிக்கவில்லை. பாத்திரம் தேய்த்து ஊறிப்போன விரல்களால் நோட்டுகளை வாங்கி, எண்ணாமல் அலமாரியில் வைத்தாள்.

"ஒக்காருப்பா, டீ போடறேன்."

"இல்லக்கா. கை எரியுது, டம்ளர் புடிக்க முடியாது."

பூனை போனபின் கொடியில் இருந்த குடைத்துணியை உதறித் திருப்பிப் போட்டாள். பிறகு சொன்னாள்: "எனக்கும் ஒரு சீட்டு எடுத்திருக்கலாம். திருட்டுத்தனம்தான் பண்றோம், ரெண்டு பேருமா சேர்ந்து பண்ணியிருக்கலாம்."

மறுநாள் புதன்கிழமை மற்றவர்களுக்கு முன்பே குடோனுக்குப் போய் நின்றான். முந்நூற்றைம்பதை மடித்துக் கையிலேயே வைத்திருந்தான். மேஸ்திரி வாங்கவில்லை.

"நோவுக்குன்னு குடுத்தத திருப்பி வாங்கினா நோவும் கூடவே வந்துடும்பா. புள்ளகுட்டிக்காரனுங்க இருக்கானுங்க. வெச்சுக்க."

"ஏசுங்க மேஸ்திரி. ரெண்டு அடி வேணாலும் அடிங்க."

"ஒடம்பு சரியில்லாதவன யாராவது அடிப்பாங்களா?" என்றார் அவர். முகத்தில் கேலி இருக்கிறதா என்று பார்த்தான். இல்லை. அதுதான் பயமாக இருந்தது. ஒரு முக்காலியைக் கொண்டுவந்து எடைமேடைக்குப் பக்கத்தில் போட்டு, ஒரு சாக்கட்டியை அவன் கையில் கொடுத்தார்கள். மூட்டை தாண்டிப் போகும்போது சுவரில் கோடு போட வேண்டும். எலும்பு முறிந்து தேறுகிறவனுக்கும், கண் மங்கினவனுக்கும் கொடுக்கிற வேலை. பூனைக்கு ஜோடியாக வெளியாள் ஒருவனைப் பிடித்திருந்தார்கள். தடித்த, இளந்தாரி ஆள். மாலையில் பங்கு போடும்போது முக்காலியில் உட்கார்ந்திருந்தவன் கையில் மறுபடி முந்நூற்றைம்பது விழுந்தது. வேண்டாம் என்று கையை இழுத்துக்கொண்டால் மடியில் போட்டார்கள்.

வியாழனும் அப்படித்தான். வெள்ளியும் அப்படித்தான். எழுந்து மூட்டைப் பக்கம் போனால் யாராவது ஒருவன் தோளைத் தொட்டு, மெதுவாக, ஆஸ்பத்திரியில் தொடுகிற மாதிரி, முக்காலிக்குத் திருப்பிவிட்டார்கள். "பாத்துண்ணே", "குனியாதீங்க", "குளிர்ந்த தண்ணி ஆகாது". ரேடியோகூட அவனைப் பற்றி ஒரு கிண்டல் செய்யவில்லை. ஒட்டகம் என்று யாரும் கூப்பிடவில்லை. கெட்ட வார்த்தை கேட்டுப் பழகின காதுக்கு அந்த மரியாதை தாங்கவில்லை. உட்கார்ந்தே இருந்ததில் வலி உண்மையிலேயே கூடியது. அதை யாரிடம் சொல்வது? சொன்னால், "தெரியுமே, அதனாலதான உக்காரச் சொன்னோம்" என்பார்கள்.

சனிக்கிழமை பார்க்கிலிருந்து செவ்வாய்க்கிழமைக் கூலி வந்தது. சர்க்கரைக்கு இரண்டாயிரத்து இருநூறு பிடித்துக்கொண்டுதான் கொடுத்திருந்தார்கள். அன்றைக்குக் கைக்காசைப் போட்டுப் பங்கு கொடுத்திருந்த மேஸ்திரி, இப்போது எல்லோர் முன்னாலும் கணக்கைப் படித்து, ஆளுக்கு இருநூறு குறைத்தார். யாரும் முணுமுணுக்கவில்லை. பூனை தன் பங்கில் குறைந்ததை இரண்டாம் தடவை எண்ணிப் பார்த்துவிட்டு மடித்து வைத்தான். முக்காலியில் இருந்தவனுக்கு மட்டும் ஒரு காசும் குறையவில்லை.

"எனக்கும் புடிங்க மேஸ்திரி."

"நோவாளிகிட்ட புடிக்கறதில்ல" என்றார் மேஸ்திரி, அடுத்த ஆளின் காசை எண்ணியபடி.

கடைசி லாரி பாக்கியிருந்தது. எல்லோரும் சும்மாட்டை எடுத்துக்கொண்டு எழுந்தார்கள். அவன் சாக்கட்டியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான். முதல் மூட்டை வந்தது. அடியில் பூனை, கைக்கட்டு அழுக்கேறிக் கறுத்திருந்தது. இவனைத் தாண்டும்போது அவன் கண் தரையில்தான் இருந்தது. இவன் சுவரில் ஒரு கோடு போட்டான். அடுத்தது வந்தது, இன்னொரு கோடு. ஐந்து நாள் அரைப் பங்கு, பதினோரு பேருக்குத் திருப்ப வேண்டியது, ஆயிரத்து எழுநூற்றைம்பது. சர்க்கரை ஒரு மூட்டை, இரண்டாயிரத்து இருநூறு. வாங்கிக்கொள்ளத்தான் ஆள் இல்லை.